சொன்ன கொள்கையை மாற்றினால் ஓட்டு போய்விடுமா?

கேள்வி: தேர்தலுக்கு முன் ஒன்று, ஆட்சிக்கு வந்தபின் வேறொன்று என்று ஒரு கட்சி தன் நிலையை மாற்றினால் மக்கள் கைவிடுகிறார்களா, இல்லை மறந்துவிடுகிறார்களா?

பதில் 1: மறப்பதில்லை. பிரிட்டனில் லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள் 2010-இல், பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்ப்போம் என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்தார்கள். கூட்டணி ஆட்சியில் சேர்ந்ததும், அதே டிசம்பரில், அவர்களில் பலர் கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்துவதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். 2012-இல் கட்சித் தலைவர் நிக் கிளெக் மன்னிப்புக் கேட்டார். 2015 தேர்தலில் கட்சியின் 57 இடங்கள் 8 ஆயின. கட்டணம் மட்டுமே காரணமில்லை, கன்சர்வேட்டிவ்களோடு சேர்ந்ததே பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உறுதிமொழித் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் இருக்கிறதே, அதை எங்கே மறைப்பது?

பதில் 2: எல்லாப் பின்வாங்கலும் ஒன்றல்ல. வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாக மோடி 2021 நவம்பரில் அறிவித்தார். அடுத்த மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தில் பாஜக மறுபடி ஜெயித்தது.

கேட்டவர்: சரி, அப்போ அமெரிக்க அதிபராக இருந்த மூத்த புஷ்? 1988-இல் புதிய வரி கிடையாது என்றார், 1990-இல் பட்ஜெட் பற்றாக்குறையைக் குறைக்க வரியை ஏற்றினார். நாட்டுக்கு நல்லதுதானே?

பதில் 1: நல்லதுதான். ஆனால் எப்படிச் சொன்னார் என்று பாருங்கள். வாக்குறுதியைக் கட்சி மாநாட்டு மேடையில் முழங்கினார். மாற்றத்தையோ ஓர் எழுத்து அறிக்கையாக வெளியிட்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.