ஆடிட் நாளில் மட்டும் திறக்கும் கதவு

முன்னாள் மெர்ச்சண்டைசர்:

பதினோரு வருடம் ஆயத்த ஆடை ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். பிராண்டிலிருந்து வரும் மெயிலுக்கும் தையல் லைனுக்கும் நடுவில் நிற்கிற வேலை. ஆலையின் பெயரோ பிராண்டின் பெயரோ வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பின்பக்க மாடிப்படிக்குப் போக ஒரு கதவு உண்டு. சாதாரண நாளில் அதில் பூட்டு தொங்கும், முன்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். கேட்டால், துணி திருட்டுப் போகிறது என்பார்கள். ஆலையின் வேலை நிலைமையைச் சோதிக்க வரும் ஆடிட் என்றால் முந்தின நாள் மாலையே பூட்டு கழன்றுவிடும், பெட்டிகள் நகர்ந்துவிடும், தரையில் புதிதாக மஞ்சள் கோடு அடிப்பார்கள். எட்டு மணி நேரம் மட்டும் காட்டும் வருகைப் பதிவேடு மேஜைக்கு வரும். உண்மையான ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்கு எழுதிய நோட்டு சூப்பர்வைசர் வீட்டுக்குப் போய்விடும். வயது குறைந்த பிள்ளைகளுக்கு அன்றைக்கு லீவு. இந்த ஏற்பாட்டையெல்லாம் முன்நின்று செய்தவர்களில் நானும் ஒருவன்.

என்னால் மறக்க முடியாதது வேறொரு நாள். ஒரு டி-ஷர்ட் ஆர்டரில் பிரிண்ட் நிறத்தைக் கடைசி நேரத்தில் பிராண்ட்காரர்கள் மாற்றினார்கள். ஒன்பது நாள் அதிலேயே போனது. ஷிப்மெண்ட் தேதியைத் தள்ளக் கேட்டேன், முடியாது என்றார்கள். விலையில் பீஸுக்குச் சில சென்ட் குறைக்கச் சொல்லி அதே வாரம் இன்னொரு மெயில். மறுத்தால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்று முதலாளிக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். மூன்று நாள் இரவு இரண்டு மணி வரை லைன் ஓடியது. மூன்றாம் இரவு ஒரு பெண்ணின் விரலில் ஊசி ஏறிவிட்டது. கத்தினாள். ஆனால் கையைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் பார்த்தது மெஷினில் இருந்த காலரைத்தான். ரத்தக்கறை பட்டால் பீஸ் ரிஜெக்ட், காசு அவள் சம்பளத்தில் பிடிக்கப்படும். வெட்டுத்துணியில் ஒரு கீற்றைக் கிழித்து விரலைச் சுற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் அதே பிராண்டிலிருந்து, ஆலைகள் பின்பற்ற வேண்டிய நடத்தை விதிமுறை வந்தது, கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி. கட்டாய ஓ.டி. கூடாது என்று அதில் இருந்தது. விலை பேசுவது ஒரு துறை, விதிமுறை அனுப்புவது இன்னொரு துறை. இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை. முதலாளியும் குற்றவாளிதான், நானும்தான். ஆனால் விலையையும் தேதியையும் எவர் முடிவு செய்கிறாரோ, பொறுப்பின் பெரும்பங்கு அவருடையது என்றுதான் நினைக்கிறேன்.

ஓவர்லாக் ஆபரேட்டர்:

அண்ணா, அப்படி ஒரு ஆடிட்டருக்கு எதிரில் உட்கார்ந்து பதில் சொன்னவள் நான். உங்கள் ஆலையில் இல்லை, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான். "ஓ.டி. கட்டாயமா?" என்று கேட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் நின்றிருந்தார். நானாக விரும்பித்தான் செய்கிறேன் என்றேன். உண்மையைச் சொல்லி ஆர்டர் போனால் முதலில் தெருவுக்கு வருவது என்னைப் போன்றவர்கள்தானே.

லேபர் இன்ஸ்பெக்டரும் வந்திருக்கிறார். ஆபீஸ் ரூமுக்குள் போனார், அப்படியே திரும்பிப் போனார். லைன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிராண்டை மட்டும் சொன்னால் இவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

சங்கம் வைக்கலாம் என்று ஆறு பேர் பேசினோம். அடுத்த வாரமே ஆறு பேரையும் நிறுத்திவிட்டார்கள். சங்கம் அமைக்கும் உரிமைக்கு 1948-லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87-ஆம் உடன்படிக்கை இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆடிட்டர் வருடத்துக்கு ஒரு நாள் வருகிறார். கதவு பூட்டியிருப்பது தினமும் உள்ளே இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொன்னால் வேலை போகாது என்ற உறுதி மட்டும் கொடுங்கள், மீதியை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

முன்னாள் மெர்ச்சண்டைசர்:

நீங்கள் சொல்வது சரிதான் அக்கா, நான் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அதற்கு, தொழிலாளர் நிலைமை சரியாக இருக்கிறது என்று சொல்லும் எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்திருந்தது. ஜன்னல்களில் கம்பி, வழிகளில் பூட்டு. 1911-இல் நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆலையில் 146 பேர் செத்தபோதும் ஒரு கதவு பூட்டித்தான் இருந்தது. நூறு வருடம் கழித்தும் அதே பூட்டு.

வங்கதேசத்தில் பல தையல் ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடத்தில், அது இடிந்து விழுவதற்கு முந்தின நாளே சுவர் விரிசல் விட்டது. கீழ்த்தளத்துக் கடைகளையும் வங்கியையும் மூடிவிட்டார்கள். தையல்காரர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். 2013 ஏப்ரல் 24, கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்குப் பிறகு வந்த, ஆலைப் பாதுகாப்புக்கான ஒப்பந்தமான வங்கதேச அக்கார்டு ஏன் வேலை செய்தது என்றால், அதில் தொழிற்சங்கங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தன, பிராண்டுகளை அது சட்டப்படி கட்டுப்படுத்தியது. ஆய்வு அறிக்கைகள் எல்லோரும் பார்க்கும்படி வெளியாயின. வெளிவழிகளில் பூட்டக்கூடிய கேட்டுகளை எடுக்க வைத்தார்கள். விருப்பப்பட்டால் செய் என்று விட்டிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. 2017-இல் பிரான்ஸ், தங்களுக்குப் பொருள் தரும் இடங்களில் நடப்பதையும் பெரிய நிறுவனங்கள் கவனித்தாக வேண்டும் என்ற கண்காணிப்புக் கடமைச் சட்டம் போட்டதும் இதே வழியில்தான்.

வாங்குகிறவள்:

நான் தைத்தவளும் இல்லை, விற்றவளும் இல்லை. போன மாதம் ஒரு சட்டை வாங்கும்போது, இது எந்த ஆலையில் தைத்தது என்று கேட்டேன். விற்பனையாளர் லேபிளைக் காட்டினார். நாட்டின் பெயர் இருந்தது, அவ்வளவுதான். நிறுவனத்துக்கு எழுதினேன். தொழிலாளர் நலன் எங்கள் உயிர்மூச்சு என்கிற மாதிரி எட்டு வரியில் பதில் வந்தது, கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. நைக்கி 2005-லேயே தன் ஆலைப் பட்டியலை வெளியிட்டிருக்கிறது, நீங்களும் வெளியிடலாமே என்று திரும்ப எழுதினேன். இந்தப் பதிவுகளைப் படித்த பிறகு நேற்று மூன்றாவதாக ஒன்று எழுதினேன். இந்த முறை இரண்டு கேள்விகள்: ஆலை எது, அங்கே சங்கம் இருக்கிறதா?