முதல் நர்ஸ் வேலைக்கு எந்த ரெசிடென்சி (புது நர்ஸுகளுக்கான பயிற்சித் திட்டம்)? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். டெக்சஸில் பிஎஸ்என் (நர்ஸிங் பட்டம்) முடித்து, நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுதினேன். குறைந்தபட்ச எண்ணிக்கையான 85ஆவது கேள்வியோடு தேர்வு நின்றுவிட, ஃபெயில்தான் என்று காரில் உட்கார்ந்து அழுதது தனிக்கதை. பாஸாகி, கையில் இரண்டு ஆஃபர். ஒன்று பெரிய மருத்துவமனை: நேரே ஐசியூ, சேர்ந்தால் போனஸ். இன்னொன்று நடுத்தரம்: மெட்-சர்ஜ் (பொது மருத்துவம், அறுவைச் சிகிச்சை) வார்டு, போனஸ் கிடையாது. அம்மாவுக்கு ஐசியூ என்ற சொல்லே போதும், ஊருக்கெல்லாம் போன் போட்டாயிற்று.

கையெழுத்துக்கு முன் இரண்டு இடத்திலும் அரை நாள் கூடவே நின்று பார்க்கிறேன் என்று கேட்டேன். ஐசியூவில் எனக்குப் ப்ரிசெப்டராக (கூடவே இருந்து வேலை பழக்கும் நர்ஸாக) வரவிருந்தவரே ரெசிடென்சி முடித்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. மதியம் இரண்டரைக்கு ஓய்வறைக்குப் போனால், அவருடைய சாப்பாட்டு டப்பா திறக்காமல் அப்படியே கிடந்தது.

அடுத்த இடத்தில் மேனேஜரிடம், "12 வாரப் பயிற்சியில் நான் தயாராகாவிட்டால்?" என்றேன். "போன மாதம்கூட ஒருவருக்கு இரண்டு வாரம் நீட்டினோம்" என்றார், சாதாரணமாக. அங்கேயே சேர்ந்தேன். அம்மா ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை.

தனியாகப் பார்த்த முதல் இரவு, ஒருவருக்குப் பொட்டாசியம் 2.8, மிகக் குறைவு என்று லேபிலிருந்து போன். கை நடுங்கியது. டாக்டரைக் கூப்பிடுமுன் மானிட்டரில் இதயத் துடிப்பின் ரிதம், லேப் முடிவில் மக்னீசியம், கிரியேட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டுவது) மூன்றையும் பார்த்து வைத்துக்கொள் என்று ப்ரிசெப்டர் தினமும் படுத்தியது அப்போதுதான் உதவியது.

— — —

அக்கா, நான் கலிஃபோர்னியா. இங்கே ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்ற சட்டம் 2004 முதல் அமலில் இருக்கிறது. மெட்-சர்ஜில் ஐந்து, ஐசியூவில் இரண்டு. ஆனால் புது நர்ஸுக்கு இடம் கிடைப்பதற்குள் உயிர் போய்விடும், நாற்பது விண்ணப்பம் போட்டேன். நான் நேரே ஐசியூதான், நன்றாகத்தான் போகிறது. என் ப்ரிசெப்டருக்கு 15 வருட அனுபவம். ஐசியூவைக் குறை சொல்லாதீர்கள், யார் கையில் விடுகிறார்கள் என்று பாருங்கள்.

— — —

போனஸ் வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வருட ஒப்பந்தத்தில் பதினான்காவது மாதம் விலகினேன். வரி பிடித்துத்தான் கொடுத்தார்கள். திருப்பிக் கேட்டதோ பிடிப்பதற்கு முந்தைய தொகையை. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.