எம்.எஸ்சி. கடைசி வருடம்: ஹாஸ்டல் மாற்றம், நெட், கேட், பிஎச்.டி. எல்லாம் ஒரே நேரத்தில்

மூன்றாம்மாடி கேட்டது:

எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருடம், சென்னை. இரண்டு பேர் அறையைக் காலி செய்துவிட்டு நவம்பர் கடைசிக்குள் அடுத்த பிளாக்கில் நான்கு பேர் அறைக்குப் போகச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. டிசம்பரில் சி.எஸ்.ஐ.ஆர். நெட் (ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேசியத் தேர்வு), பிப்ரவரியில் கேட் (GATE, ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் சேர எழுதும் தேர்வு), நடுவில் ப்ராஜெக்ட் ரிவ்யூ.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். அறை மாறுவதில் படிப்பு இரண்டு நாளுக்கு மேல் கெடாமல் இருக்க என்ன செய்வது? சான்றிதழ்களில் இப்போதே எடுத்து வைக்க வேண்டியவை எவை? (ஓ.பி.சி. பிரிவு.) கடைசியாக, நேராக பிஎச்.டி. போவதா, ஹைதராபாத் பக்கம் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போவதா? வெளிநாட்டு யோசனையும் கொஞ்சம் இருக்கிறது.

---

அட்டைப்பெட்டி பதில்:

தேதியிலிருந்து ஆரம்பிக்கலாம். இரண்டு பிளாக்குக்கும் ஒரே மெஸ் என்றால் நவம்பர் இரண்டாம் வாரமே போய்விடுங்கள். மெஸ் வேறு, அதுவும் டிவைடிங் சிஸ்டம் (மாதச் செலவை எல்லோருக்கும் பங்கு போடும் முறை) என்றால் 29, 30 தேதிகளில் மாறி 1ஆம் தேதி புது மெஸ்ஸில் சாப்பிட ஆரம்பியுங்கள். மாத நடுவில் மாறினால், சாப்பிடாத நாள்களுக்குப் பழைய மெஸ் ரிடக்‌ஷன் கொடுக்காது, புது மெஸ் முழு மாதக் கணக்கில் சேர்க்கும், பிறகு இரண்டு ஆபீஸுக்கும் நடக்க வேண்டியதுதான். எப்படியானாலும் ரிடக்‌ஷன் கடிதத்தை முன்கூட்டியே கொடுங்கள். போன பிறகு கொடுத்தால் வாங்க மாட்டார்கள்.

புத்தகத்துக்கு டிராவல் பேக் வேண்டாம். டிபார்ட்மென்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஏ4 பேப்பர் வந்த காலிப் பெட்டியைக் கேளுங்கள். 75 ஜி.எஸ்.எம். ரீம் ஒன்று சுமார் 2.3 கிலோ. பத்து ரீம் பெட்டி 23 கிலோவைத் தாங்கச் செய்தது, மூடியும் உண்டு. ஆனால் அதை விளிம்பு வரை புத்தகத்தால் நிரப்பினால் அதே 23 கிலோ உங்கள் முதுகில் மூன்று மாடி ஏறும். முக்கால் பெட்டி புத்தகம், மேலே துணி. நவம்பர் சென்னை என்பதால் உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரை விரித்துவிட்டு அடுக்குங்கள். புது அறை தரைத்தளம் என்றால் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், இரண்டு செங்கல் போட்டு அதன் மேல் வையுங்கள். மழைத்தண்ணீர் வராவிட்டாலும் கரையான் வரும்.

நோட்ஸ், பழைய வினாத்தாள், சார்ஜர், ஐ.டி. கார்டு எல்லாம் தனிப் பையில். இந்தப் பை கடைசியாகப் பழைய அறையை விட்டு, முதலாவதாகப் புது அறைக்குள் வர வேண்டும். மற்ற பெட்டிகளை ஒரு வாரம் பிரிக்காவிட்டாலும் குடிமுழுகாது.

யாரும் சொல்லாத விஷயம் மூட்டைப்பூச்சி. சாமானை உள்ளே கொண்டுபோகும் முன்னால் புது அறைக் கட்டிலைப் பாருங்கள். பழைய ஏ.டி.எம். கார்டை இரும்புக் கட்டிலின் மூட்டுகளிலும் பலகை இடுக்கிலும் விட்டு இழுங்கள். பேனா மை சொட்டினாற்போலக் கறுப்புப் புள்ளிகள், உரித்த தோல் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சிதான். அன்றைக்கே வார்டனிடம் எழுதிக் கொடுங்கள். இரும்புக் கட்டிலை வெளியே எடுத்து மூட்டுகளில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றலாம். பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி ஸ்பிரேயை மட்டும் நம்பாதீர்கள், பல இடங்களில் பூச்சிக்கு அது பழகிவிட்டது. கெமிஸ்ட்ரி மாணவர்களுக்கே வரும் யோசனை ஒன்று உண்டு: லேபிலிருந்து ஐசோபுரோப்பனால் எடுத்து வந்து அடிப்பது. பூட்டிய அறை, ஓடும் ஃபேன், காற்றில் ஆல்கஹால் ஆவி. சுவிட்ச் ஒன்று தட்டினால் போதும், தீப்பிடிக்கும். பழைய மெத்தையில் பூச்சி இருந்தால் அதையும் சுமந்து போகாதீர்கள், நான்கு பேர் அறையில் நான்கு பேருக்கும் பரவும்.

சாவி வாங்கும்போது நீட்டுகிற ரிஜிஸ்டரில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். கட்டில், மேஜை, நாற்காலி, அலமாரிப் பூட்டு, ஃபேன் ரெகுலேட்டர், டியூப்லைட் ஒவ்வொன்றையும் பார்த்து, இல்லாததை அந்தப் பக்கத்திலேயே எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். மே மாதம் நோ டியூஸ் வாங்கும்போது ரெகுலேட்டர் காணோம் என்று காஷன் டெபாசிட்டில் கை வைப்பார்கள். டெபாசிட் ரசீதின் ஒரிஜினலைச் சான்றிதழ் ஃபைலிலேயே போட்டு வையுங்கள்.

---

தாசில்தார்வாசல் பதில்:

சான்றிதழ் பற்றி.

உங்கள் கையில் இருக்கும் நிரந்தர சாதிச் சான்றிதழ் பி.சி. அல்லது எம்.பி.சி. என்று சொல்லும். நெட், கேட், ஐ.ஐ.டி. சேர்க்கை எதற்கும் அது போதாது. மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் (வசதி வரம்பைத் தாண்டாதவர்) சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகத் தாசில்தாருக்குப் போகும். மூன்று இடத்தில் சிக்கும்:

ஒன்று, மாநிலப் பட்டியலில் இருக்கும் சில சாதிகள் மத்தியப் பட்டியலில் இல்லை. முதலில் அதைப் பாருங்கள், இல்லையென்றால் பொதுப் பிரிவில்தான் விண்ணப்பிக்க முடியும். இரண்டு, 8 லட்ச ரூபாய் வருமான வரம்பில் பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது. அரசு வேலையில் இருந்தால் பார்ப்பது பதவியின் குரூப்பை. கவுன்டரில் எல்லாவற்றையும் கூட்டி மறுத்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள். மூன்று, தேதி. நான்-கிரீமி லேயர் நிலை நிதியாண்டை ஒட்டியது. எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது செல்லும் என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் போட்டிருக்கும். போன வருடச் சான்றிதழைப் பதிவேற்றிவிட்டு, கவுன்சலிங்கில் நிராகரிக்கப்படுகிறவர்கள் வருடா வருடம் உண்டு.

இனிஷியல் இன்னொரு தலைவலி. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'கா. செல்வி', ஆதாரில் அப்பா பெயரை விரித்து எழுதியிருக்கும். தேர்வுக்கு எடுத்துப்போகும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஆதாரை முதலில் சரிசெய்யுங்கள்.

விண்ணப்பத்தில் கல்லூரி மெயிலைக் கொடுக்காதீர்கள். படிப்பு முடிந்ததும் அதை மூடிவிடுவார்கள், கேட் ஸ்கோரோ மூன்று வருடம் செல்லும். சொந்த மெயில், சொந்த நம்பர்.

தேதி விஷயத்திலும் ஜாக்கிரதை. டிசம்பர் நெட் டிசம்பரில்தான் நடக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. 2024 டிசம்பர் நெட் நடந்தது 2025 பிப்ரவரி 28 முதல் மார்ச் 2 வரை, அதாவது கேட் முடிந்த பிறகு. ரயில் டிக்கெட்டை ஹால் டிக்கெட் வந்த பிறகு போடுங்கள்.

---

சுழல்குடுவை பதில்:

மேலே இருவரும் புத்தகத்தையும் சான்றிதழையும் பார்த்துக்கொண்டார்கள். டேட்டாவை யாரும் தொடவில்லை. அறை மாறும் வாரத்தில்தான் லேப்டாப் கீழே விழும்.

என்.எம்.ஆர். ஸ்பெக்ட்ரத்தை (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் வரைபடம்) பி.டி.எஃப். ஆக மட்டும் வைத்திருந்தால் அது படம்தான், டேட்டா இல்லை. பேஸ்லைனைத் திருத்த முடியாது, இன்டகிரேஷனை மாற்ற முடியாது. புரூக்கர் கம்பெனியின் என்.எம்.ஆர். கருவியிலிருந்து முழு ஃபோல்டரையும் வாங்குங்கள். உள்ளே 1, 2, 3 என்று எண் போட்ட ஃபோல்டர்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு எக்ஸ்பெரிமென்ட். எண் ஃபோல்டரை மட்டும் இழுத்துப் போட்டால் சாம்பிள் பெயர் தொலைந்துவிடும், ஏனென்றால் அது மேல் ஃபோல்டரில் இருக்கிறது. இன்னொரு மாணவரின் '1' உங்கள் '1' மேல் ஏறிவிடவும் கூடும். மேல் ஃபோல்டரோடு ஜிப் செய்து, ஜிப்புக்கு நோட்புக் பக்க எண்ணையே பெயராகக் கொடுங்கள். ஒரு பிரதி லேப் கம்ப்யூட்டரில், ஒன்று உங்கள் ஹார்ட் டிஸ்கில், ஒன்று கிளவுடில். லேப்டாப்பும் ஹார்ட் டிஸ்கும் ஒரே பையில் போகக் கூடாது.

லேப் நோட்புக் கைடு லேபின் சொத்து. ஹாஸ்டலுக்கு எடுத்துப் போகாமல் பக்கங்களை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். லேப் கோட்டைத் தனிக் கவரில் கட்டுங்கள், தலையணை உறையோடு அல்ல.

---

ஏழாம்ஆண்டு பதில்:

மூன்றாவது கேள்விக்கு: தேர்வையும் முடிவையும் பிரித்துப் பாருங்கள். வேலைக்குப் போவதாகவே இருந்தாலும் இந்த வருடம் இரண்டு தேர்வையும் எழுதுங்கள். பாடம் சூடாக இருக்கும்போது எழுதுவது வேறு, பத்து மணி நேரம் கம்பெனி லேபில் ஃப்யூம் ஹூட் (ஆவியை இழுக்கும் கூண்டு) முன் நின்றுவிட்டு வந்து எழுதுவது வேறு. கேட் மூன்று வருடம் தாங்கும். நெட் வழியாகக் கிடைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு உண்டு.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். ஆகும்போது 42,000. இது 2023 ஜனவரி முதல் உள்ள தொகை. பணத்தைவிடப் பெரிய லாபம், சம்பளம் கையோடு வருவதால் கைடைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம்.

இரண்டு தேர்வுக்கும் ஒரே மாதிரி தயாரிக்காதீர்கள். நெட் கெமிக்கல் சயின்சஸில் சி பகுதியில் 60 கேள்வியில் 25 எழுதினால் போதும், ஒன்றுக்கு 4 மார்க், தப்பானால் 1 போகும். எதை விடுவது என்று தெரிந்தவர் ஜெயிப்பார். கேட்டில் விடுவதற்கு இடம் கிடையாது, 65 கேள்வியும் கணக்கு. எண்ணாக விடை எழுதும் கேள்விக்கு நெகட்டிவ் இல்லை, அதனால் எதையாவது எழுதுங்கள். நெட்டில் கால்குலேட்டரே கிடையாது, கேட்டில் திரையில் மவுஸால் அழுத்தும் கால்குலேட்டர். அதில் லாக், எக்ஸ்போனன்ஷியல் போட்டுப் பழகாமல் போனால் நிமிடங்கள் கரையும். நான்கு பேர் அறையில் மாக் டெஸ்ட் எழுத முடியாது. லைப்ரரியில் மூன்று மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எழுதுங்கள்.

வேலை விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறார். கான்ட்ராக்ட் ரிசர்ச் கம்பெனியில் (மற்ற கம்பெனிகளுக்காக ஆராய்ச்சி செய்து கொடுக்கும் இடம்) கை நன்றாகப் பழகும், காலம் குரோமட்டோகிராஃபி (column) போடுவதும் பியூரிஃபிகேஷனும் தண்ணீர் பட்ட பாடாகிவிடும். ஆனால் வாடிக்கையாளரின் மூலக்கூறைப் பற்றி வெளியே பேச முடியாது, பேப்பரும் வராது. இரண்டு வருடம் கழித்து இன்டர்வியூவில் காட்ட எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் மட்டும்தான் இருக்கும். வீட்டில் பண நெருக்கடி என்றால் தாராளமாகப் போங்கள். 'யோசிக்க நேரம் வேண்டும்' என்பதற்காகப் போகாதீர்கள்.

ஐ.ஐ.டி. இன்டர்வியூக்கள் பெரும்பாலும் மே வாக்கில், பல இடங்களில் டிசம்பரில் இன்னொரு சுற்று. ப்ராஜெக்டின் பெருமையைக் கேட்க மாட்டார்கள். உங்கள் என்.எம்.ஆர். ஸ்பெக்ட்ரத்தையே நீட்டி '7.26 பி.பி.எம்.மில் இருக்கும் பீக் என்ன?' என்பார்கள். கரைப்பானில் இருக்கும் குளோரோஃபார்ம் மிச்சம் என்று சொல்லத் தெரியாமல் அரோமாட்டிக் புரோட்டான் என்றால் அங்கேயே முடிந்தது.

வெளிநாடு: அமெரிக்க பிஎச்.டி. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்தில் முடியும், மூன்று பரிந்துரைக் கடிதம் வேண்டும். இந்த நவம்பரில் ஆரம்பித்தால் அரைகுறையாகத்தான் போகும், அடுத்த சுற்றுக்கு வையுங்கள். டோஃபெல் ஸ்கோர் இரண்டு வருடம்தான் செல்லும், இப்போதே எழுதிவிட வேண்டாம். ஜெர்மனியில் பல இடங்களில் பொதுத் தேர்வு என்று எதுவும் இல்லை, நேராகப் பேராசிரியருக்கு மெயில். அவர் பேப்பரில் ஒரு ஸ்கீமைப் படித்துவிட்டு அதைப் பற்றி இரண்டு வரி எழுதாத மெயிலுக்குப் பதில் வராது.

---

மூன்றாம்மாடி:

எல்லோருக்கும் நன்றி. 29ஆம் தேதிதான் மாறப் போகிறேன். சுழல்குடுவை அண்ணா, ஒரு சந்தேகம்: போன செமஸ்டர் டேட்டாவில் எண் ஃபோல்டர்கள்தான் இருக்கின்றன, மேல் ஃபோல்டர் போய்விட்டது. எது எந்த சாம்பிள் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

---

சுழல்குடுவை:

உண்டு தம்பி. ஒவ்வொரு எண் ஃபோல்டருக்குள்ளும் பிடேட்டா (pdata) ஃபோல்டர், அதற்குள் 1, அதற்குள் டைட்டில் (title) என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறங்கள். ஆபரேட்டர் சாம்பிள் கோடைத் தட்டியிருந்தால் அங்கே இருக்கும். காலியாக இருந்தால் எண் ஃபோல்டரிலேயே இருக்கும் அக்விஸ் (acqus) என்ற ஃபைலைத் திறந்து பாருங்கள், ஓடிய தேதியும் நேரமும் அதில் பதிவாகியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு என்.எம்.ஆர். அறை லாக் புக்கோடு ஒப்பிடுங்கள். அந்த நோட்டும் வருடக் கடைசியில் பரணுக்குப் போய்விடும், அறை மாறுவதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.