மறு: சஸ்பென்ஷன் லிஃப்ட் – தொங்கலா, தாங்கலா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஒரு வழிகாட்டியை மொழிபெயர்க்கும் நண்பர், ‘சஸ்பென்ஷன் லிஃப்ட்’ என்பதற்குத் தமிழில் என்ன எழுதலாம் என்று கேட்டிருந்தார். சக்கரங்களுக்கும் வண்டிக்கும் நடுவே உள்ள வில் அமைப்புதான் சஸ்பென்ஷன்; அந்த இடத்தில் மாற்றம் செய்து வண்டியை உயரமாக நிற்க வைப்பது லிஃப்ட்.

> ‘பழைய இருசக்கர பிக்கப்பில் தொங்கல் உயர்த்தி பொருத்துவது எப்படி’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். சரியா?

மூன்று இடத்தில் இடிக்கிறது. சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன். ‘இருசக்கர’ என்றதும் சென்னையில் எவருக்கும் ஸ்கூட்டர்தான் கண்ணில் வரும். நான்கு சக்கரத்தில் இரண்டுக்கு மட்டும் எஞ்சின் விசை போகிறது என்பதுதானே செய்தி? நீங்கள் சொல்லும் வண்டியில் அது பின்சக்கரம். ‘பின்சக்கர இயக்க பிக்கப்’ என்று போட்டுவிடுங்கள்.

இனி தொங்கல். பள்ளி வேதியியலில் கரையாமல் மிதக்கும் துகள்களுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. அலுவலகத்தில் சஸ்பென்ஷன் என்றால் பணியிடை நீக்கம். வண்டிக்கு ஏன் இந்தப் பெயர் வந்தது என்று பார்த்தால், ஐரோப்பாவின் பழைய குதிரை வண்டிகளில் பெட்டியைத் தோல் வார்களில் உண்மையிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். வார் போய் ஸ்பிரிங் வந்த பிறகும் ஆங்கிலத்தில் பெயர் மாறவில்லை. நம் வில்வண்டியில் எதுவும் தொங்கவில்லை, பெட்டி வில்லின் மேல் உட்கார்ந்திருந்தது. அடுத்தவர் வரலாற்றை நாம் ஏன் சுமக்க வேண்டும்? உடலையும் பாரத்தையும் தாங்குகிற அமைப்பு அது. ஆகவே ‘தாங்கல்’. ஓர் எழுத்துதான் வித்தியாசம், பொருள் நேராகிவிடுகிறது.

> தாங்கல் என்றால் ஏரி. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் எல்லாம் என்ன ஆவது?

உண்மைதான், தொண்டை மண்டலத்தில் சிறிய ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். மனத்தாங்கலும் இருக்கிறது. ஆனால் ‘முன்சக்கரத் தாங்கல்’ என்று படிப்பவர் யாரும் ஏரியைத் தேடிப் போகமாட்டார். (நவம்பர் மழையில் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம் என்பது வேறு கதை.)

மூன்றாவது ‘உயர்த்தி’. இதுதான் பெரிய சிக்கல். இகரத்தில் முடிவதால் அது ஒரு கருவியைக் குறிக்கிறது. படிப்பவர் ஜாக்கியையோ மின்தூக்கியையோ நினைப்பார். இங்கே லிஃப்ட் என்பது கருவி அல்ல, வண்டி எவ்வளவு மேலே நிற்கிறது என்பது. ‘3 அங்குல லிஃப்ட்’ என்று அளவோடு சேர்ந்து வரும் சொல் அது.

‘ஏற்றம்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். வேறு வண்டி என்றால் ஒத்துக்கொள்வேன். இது சரக்கு வண்டி. ‘பிக்கப்பில் ஏற்றம்’ என்றால் மூட்டை ஏற்றுகிறார்கள் என்றுதான் படும்.

போன வாரம் புதுப்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் இதைக் கேட்டேன். என்ன சொல் என்று கேட்கவில்லை, என்ன செய்வார் என்று கேட்டேன். “பின்னாடி கட்டை வெச்சு தூக்கிக் கட்டலாம் சார். ஆனா முன்னாடியும் தூக்கணும், இல்லன்னா பின்னாடி மட்டும் தூக்கலா நிக்கும்” என்றார். தூக்கல்! சாம்பாரில் உப்பு தூக்கல் என்கிறோமே, அதே சொல். இருக்க வேண்டியதைவிட ஒரு படி கூடுதல். அளவோடும் இயல்பாக ஒட்டுகிறது: ‘3 அங்குலத் தூக்கல்’. வேறு எங்கும் தேட வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

> வில்லேற்றம் எப்படி? வில்வண்டியும் நினைவுக்கு வரும்.

அழகான சொல். ஆனால் தொழில்நுட்பம் இடம் தராது. பின்பக்கம் அச்சுக்கும் பட்டை வில்லுக்கும் (லீஃப் ஸ்பிரிங்) நடுவே கட்டை வைத்து, நீளமான யூ போல்ட் போட்டு முடுக்குவார்கள். வில்லில் மாற்றம் இல்லை. முன்னால் சுருள்வில் இருந்தால் அதன் தலையில் தடித்த வளையம் வைக்கலாம், அல்லது நீளமான சுருளே மாட்டலாம். பின்சக்கர இயக்க வண்டிக்கு இன்னொரு வழியும் உண்டு. எஞ்சின் விசையைக் கொண்டுபோகும் இயக்கத் தண்டு முன்சக்கரத்துக்குப் போகாததால், சக்கரம் மாட்டும் ஸ்பிண்டிலையே மாற்றிவிடலாம். புதியதில் சக்கர மையம் கீழே தள்ளி இருக்கும், அதனால் வண்டி மேலே போகும். வில்லும், சக்கரத்தைச் சேசிஸோடு (வண்டியின் அடிக்கட்டமைப்போடு) இணைக்கும் கைகளும் பழைய கோணத்திலேயே இருக்கும். இங்கே வில்லை யாருமே ஏற்றவில்லையே!

எனவே என் முன்மொழிவு: ‘தாங்கல் தூக்கல்’. மோனையும் பொருந்துகிறது. சேசிஸை விட்டுவிட்டு, அதற்கும் மேலே உள்ள கூண்டுக்கும் இடையே மட்டும் கட்டை வைத்து உயர்த்துவது ‘கூண்டுத் தூக்கல்’. இந்த இரண்டையும் படிப்பவர் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவதில் சேசிஸோடு சேர்ந்து எல்லாமே எழும்புகிறது, ஆகவே பிரேக் குழாய் எட்டுகிறதா, பின்னால் இயக்கத் தண்டின் கோணம் எவ்வளவு மாறியது, சக்கரச் சீரமைப்பு என்று வேலை நீளும். இரண்டாவதில் பெரும்பாலும் கூண்டோடு தொடர்புள்ள இணைப்புகளைப் பார்த்தால் போதும்.

சேசிஸுக்கு ‘சட்டம்’ என்று எழுதிவிடாதீர்கள், ‘சட்டகம்’ போதும். சட்டத்தைத் தூக்குவது பற்றிய கட்டுரை என்று நினைத்துவிடுவார்கள். அது முழுப் பொய்யும் அல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. நீங்கள் மொழிபெயர்ப்பது அமெரிக்க வழிகாட்டி. இங்கே அப்படியே செய்யலாம் என்று நம்பி யாராவது கட்டை வாங்கப் போகாதபடி, முதல் பத்தியிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், ஸ்பிண்டிலுக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. நூற்பில் அதற்குக் ‘கதிர்’ என்று நல்ல சொல் இருக்கிறது, ஆனால் ‘முன்சக்கரக் கதிர்’ என்றால் எக்ஸ்ரே எடுப்பது போல இருக்கிறது. பட்டறையில் ‘ஸ்டப் ஆக்சில்’ என்கிறார்கள். ‘அச்சுமுளை’ என்று எழுதிப் பார்த்தேன், பாதி மனம்தான் ஒப்புகிறது. திருச்சி, நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறைகளோடு பழக்கம் உள்ளவர்கள் யாராவது கேட்டு எழுதுங்களேன்.