எடை ஏறல, இடுப்பு மட்டும் ஏறிடுச்சு. உங்களுக்கும் இப்படி ஆச்சா?

ஊசிநூல்:
முப்பது வருஷமா தையல் கடை வச்சிருக்கேன். அளவு நோட்டைத் தூக்கிப் போடுற பழக்கம் கிடையாது. சர்க்கரைன்னு தெரிஞ்ச அன்னைக்கு, 1998ல என் கல்யாணத்துக்கு எடுத்த அளவைத் தேடிப் பார்த்தேன். இடுப்பு 31, மேல்கை 12½. சர்க்கரை தெரிஞ்சப்ப அளந்தா இடுப்பு 37, மேல்கை 11. எடை கல்யாணத்தப்ப 64 கிலோ, சர்க்கரை தெரிஞ்சப்ப 66. ரெண்டு கிலோவுக்கு ஆறு இன்ச்சா? டேப்பைத் திருப்பிச் சென்டிமீட்டர் பக்கம் பார்த்தா 94. நம்ம ஊர் ஆம்பளைக்கு 90 தாண்டினாலே கவனிக்கணும், பொம்பளைக்கு 80ன்னு டாக்டர் சொன்னார்.

"ஒல்லியாத்தானே இருக்கீங்க, உங்களுக்கு எப்படி?"ன்னு கேக்காத கஸ்டமர் இல்ல. வயசாக ஆக சதை கரையுது, கை கால்ல தோலுக்கு அடியில இருந்த கொழுப்பும் வத்துது. அங்க தங்க வேண்டியது குடலைச் சுத்தியும் ஈரல்லயும் போய் உக்காருது. தராசுக்கு இது தெரியாது. 2004ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல ரெண்டு டாக்டருங்க பக்கத்துல பக்கத்துல நிக்கிற போட்டோ ஒண்ணு வந்துச்சு. புனே யாஜ்னிக், லண்டன் யுட்கின். ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதான் உயரத்துக்கு எடை பார்க்கிற கணக்கு, 22.3. உடம்புக் கொழுப்பு மட்டும் நம்மாளுக்கு 21.2 சதவீதம், அவருக்கு 9.1. அதைப் படிச்சப்புறம்தான் மனசு கொஞ்சம் ஆறுச்சு.

ரத்தக்குழாய்:
அண்ணே, நான் லேப்ல இருக்கேன். போன வாரம் ஒரு தம்பி, 34 வயசு இருக்கும், ராத்திரி எட்டு மணிக்கு மேல பச்சத்தண்ணி தவிர எதுவும் தொடாம காலைல வந்தார். ரத்தத்தைச் சுத்தவிட்டு எடுத்தா, மேல இளமஞ்சளா தெளிஞ்சு நிக்க வேண்டிய சீரம் மோர் மாதிரி நிக்குது. ரத்தத்துல ஓடுற கொழுப்பு, ட்ரைகிளிசரைடு, 612. அது 400 தாண்டிட்டா ஃபார்முலா போட்டு எல்டிஎல், அதான் கெட்ட கொலஸ்ட்ரால், சொல்ல முடியாது, தனியா நேரடியா பார்க்கணும். "சார், நான் எண்ணெய்ப் பலகாரமே தொடுறதில்ல"ன்னு சத்தியம் பண்றார். விசாரிச்சா மூணு வேளையும் அரிசி, அஞ்சு டீ, சாயங்காலம் ஒரு தேங்கா பன். மிஞ்சுற மாவையும் சர்க்கரையையும் ஈரல் கொழுப்பாக்கி ரத்தத்துல அனுப்பிடும்னா நம்ப மாட்டேங்கிறாங்க.

இன்சுலினை நான், வயலுக்குத் தண்ணி திறந்து அடைக்கிற ஊர் நீர்க்கட்டி ஆள் மாதிரின்னு நினைச்சுக்குவேன். சாப்பிட்டதும் கொழுப்புச் செல்லோட மடையை அடைக்கச் சொல்றது அதுதான். செல் அது பேச்சைக் கேக்கலைன்னா, மடை ராப்பகலா ஒழுகி, அவ்வளவும் ஈரலுக்குத்தான் பாயும்.

மூத்தமகள்:
எங்க அம்மாவுக்கு 71. தொப்புளுக்கு இடது பக்கம் ஒரே இடத்துலதான் இன்சுலின் ஊசி, நாலு வருஷமா. "அங்க குத்துனா வலிக்கவே மாட்டேங்குதுடி"ம்பாங்க. சர்க்கரை ஒரு நாள் 90, மறுநாள் 320. யூனிட்டைக் கூட்டிக்கிட்டே போனோம். ஒரு நர்ஸம்மா அம்மாவைப் படுக்க வச்சு, விரல்ல க்ரீம் தடவி வயித்தை நீவிப் பார்த்தாங்க. உள்ள குழிப்பணியாரம் சைஸ்ல மெத்துனு ஒரு கட்டி. என் கையைப் பிடிச்சு வச்சுக் காமிச்சாங்க. கண்ணுக்குத் தெரியல, கைக்குத்தான் தெரிஞ்சுது. இன்சுலின் விழுற இடத்துல கொழுப்பை வளர்க்குமாம். அந்தக் கட்டிக்குள்ள போட்ட மருந்து ஒரு நாள் ஊறும், ஒரு நாள் ஊறாது. ஒரே ஊசியைப் பத்து நாள் ஓட்டினதும் தப்பு.

இடம் மாத்துறதுக்கு முன்னாடியே டாக்டர் யூனிட்டைக் குறைச்சிட்டார். நல்ல இடத்துல பழைய அளவே போட்டா மருந்து முழுசா ஏறி லோ சுகர் ஆயிடுமாம். யாரும் சொந்தமா மாத்திடாதீங்க. இப்ப காலண்டர்ல வயித்தைப் படமா வரைஞ்சு, ஒரு விரல்கட்டை தள்ளித் தள்ளிப் புள்ளி வச்சிருக்கேன். புது இடம் வலிக்குதுன்னு அம்மா என்கூட ரெண்டு நாள் பேசல.

பாப்பா_அப்பா:
எங்க வீட்ல தலைகீழ். மகளுக்கு 9 வயசு. நல்லா சாப்பிட்டும் ஒரே மாசத்துல அஞ்சு கிலோ இறங்கிட்டா. வாய்ல பழ வாசம். டைப் 1 சர்க்கரை, உடம்புல இன்சுலினே சுரக்காதது. மடையை அடைக்க ஆளே இல்லாததால இருந்த கொழுப்பெல்லாம் கரைஞ்சு கீட்டோன்ங்கிற அமிலமா ஆயிட்டிருந்திருக்கு. 1922 ஜனவரியில டொரன்டோவுல முதல் இன்சுலின் ஊசி போட்ட பையனுக்கு 14 வயசு, எலும்பும் தோலுமா இருந்தானாம். அதுக்கு முன்னாடி பட்டினி போட்டுத்தான் பிள்ளைங்களை இழுத்துப் பிடிச்சு வச்சிருக்காங்க. ஊசி ஆரம்பிச்சு மூணு வாரத்துல இவளுக்குக் கன்னம் வந்துடுச்சு. கொழுப்பைப் பார்த்து அழுத அப்பன் நானாத்தான் இருப்பேன்.

ஊசிநூல்:
தம்பி, படிச்சிட்டு கொஞ்ச நேரம் மெஷினை மிதிக்கவே முடியல. பாப்பா நல்லா இருக்கட்டும்.

நம்ம கதைக்கு வர்றேன். மூணு மாசமா சோறு பாதி, அந்த இடத்துல முட்டையோ சுண்டலோ. தண்ணி கேனைக் கையில தூக்குறேன். எடை ஒரு கிலோதான் இறங்கியிருக்கு. ஆனா இடுப்பு 36, மேல்கை கால் இன்ச் கூடுதல். பேண்டெல்லாம் பிடிச்சுத் தைக்கணும். தீபாவளி ஆர்டர் முடியட்டும்னு மூட்டை கட்டி வச்சிருக்கேன்.