கம்ப்யூட்டரில் பழைய ரேட், பிடித்தம் எங்கள் சம்பளத்தில்

மார்த்தாண்டத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில்லிங்கில் இருந்தபோது நடந்தது. ஓணம் சமயம், கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். விலை ஏறி புது எம்ஆர்பி போட்ட தேங்காய் எண்ணெய் பாக்கெட் வந்திருந்தது, ஆனால் பார்கோடு பழையதுதான். புது விலையை ஆபீசில் சிஸ்டத்தில் ஏற்றவில்லை, நாங்கள் ஸ்கேன் பண்ணினதெல்லாம் பழைய ரேட்டுக்கே போனது. மாசக் கடைசியில் அந்த நஷ்டத்தைக் கவுண்டரில் இருந்த பிள்ளைகள் எல்லார் சம்பளத்திலும் சமமாகப் பிரித்துப் பிடித்துவிட்டார்கள். கேட்டால் மேனேஜர், "பாக்கெட்டுல விலை அடிச்சிருக்குல்லா, பாத்துப் போட்டா என்ன?" என்கிறார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வரிசை நீண்டால் அதற்குத் திட்டுவதும் அவரேதான். எதிர்த்துப் பேசினால் போலீஸ் என்று வேறு மிரட்டல்.

கூட இருந்த தக்கலை அக்காவின் சொந்தக்காரர் குழித்துறை கோர்ட்டில் வக்கீல். தெரிந்தே வேண்டியவனுக்குக் குறைத்துப் பில் போட்டால்தான் கேஸ், கைத்தவறுக்கு எந்தப் போலீசும் வராது என்றார். பிடித்தம் விஷயம் 1936 சம்பளச் சட்டத்திலேயே இருப்பதுதான், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதேதான்: நஷ்டம் நேரடியாக அந்த ஆளின் கவனக்குறைவால் வந்திருக்க வேண்டும், அவர் பக்கத்து விளக்கத்தைக் கேட்காமல் பிடிக்கக் கூடாது, நஷ்டத்துக்கு மேல் ஒரு பைசா எடுக்கக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது. எல்லார் தலையிலும் சமமாகப் போடுவது இதில் எங்கேயும் இல்லை.

அக்கா ஒரே ஒரு பேப்பர் எழுதிக் கொடுத்தாள்: எந்தப் பில், என்ன தேதி, எவ்வளவு, இதில் என் தவறு என்ன, எழுத்தில் தாருங்கள். ஆபீஸ்காரர்களால் முடியவில்லை, ஏனென்றால் சாப்பாட்டு நேரத்தில் யாருடைய லாகினில் யார் உட்கார்ந்தார் என்று அவர்களுக்கே தெரியாது, பாஸ்வேர்டை மானிட்டரிலேயே ஒட்டி வைத்திருந்தார்கள்! அடுத்த சம்பளத்தோடு பைசா திரும்பி வந்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் இப்படித் தப்ப முடியாது. எடைபோடும் இடத்தில் ஏத்தன் பழத்துக்கு மட்டிப் பழத்தின் கோட் நம்பரை அழுத்தினால் அது நம் கைதான், அங்கே கேட்டுவிட்டுப் பிடித்தால் செல்லும். எம்ஆர்பிக்கு மேல் பில் விழுந்தால் அது வேறு, எடையளவுச் சட்டப்படி கடைதான் முதலில் பதில் சொல்ல வேண்டும். முதலாளி இறங்கி வராவிட்டால் நாகர்கோவிலில் தொழிலாளர் துறை ஆபீசில் மனு கொடுங்கள், சம்பளச் சீட்டின் நகலை மறக்காமல் எடுத்துப் போங்கள்.