மீனாவின் கரடிக்கு யார் விலை போடுவது? வீட்டுக் குழுவில் ஒரு ராத்திரி

மீனா: எல்லோரும் இருக்கிறீர்களா? ஒரு யோசனை வேண்டும். இன்ஸ்டாகிராமில் நான் விற்கப் போட்ட, கொக்கியால் நூலில் பின்னிய குரோஷே கரடிக்குக் கீழே ஒருவர் "இதே பொம்மை இன்னொரு தளத்தில் இதில் கால்வாசி விலைக்குக் கிடைக்கிறது, நீங்கள் மட்டும் ஏன் இப்படி அநியாயத்துக்குச் சொல்கிறீர்கள்" என்று எழுதியிருக்கிறார். கூடவே லிங்க் வேறு. பதில் போடுவதா, கண்டுகொள்ளாமல் விடுவதா?

பெரியப்பா: லிங்கைப் பார்த்தேன். தப்பாக நினைக்காதே மீனா, பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கிறது. மெஷினில் போட்டால் மலிவாகத்தான் வரும். அவனோடு நீ எப்படிப் போட்டி போடுவாய்?

சித்தி: அத்தான், குரோஷேவுக்கு மெஷின் கிடையாது.

பெரியப்பா: என்னம்மா சொல்கிறாய், ஸ்வெட்டர் எல்லாம் மெஷினில்தானே வருகிறது.

சித்தி: ஸ்வெட்டர் நிட்டிங். அதில் கண்ணிகள் எல்லாம் வரிசையாக ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கும், மெஷின் ஒரே இழுப்பில் ஒரு வரிசையைப் போட்டுவிடும். குரோஷேவில் இருப்பது ஒரே ஒரு கொக்கி. ஒரு கண்ணியை முடித்த பிறகுதான் அடுத்தது. கொக்கி முன் வரிசையில் எந்தத் துளைக்குள் நுழைய வேண்டும் என்பதை ஒவ்வொரு தடவையும் கண்ணும் விரலும்தான் தேடிப் பிடிக்க வேண்டும். தொழிற்சாலையில் வைத்து ஓட்டும் அளவுக்கு அதற்கு மெஷின் வரவில்லை. குரோஷே மெஷின் என்ற பெயரில் இருப்பவை நாடா, லேஸ் மாதிரி வேறு வகைப் பின்னல் போடுபவை. ஆகவே அந்தக் கால்வாசி விலைப் பொம்மையையும் யாரோ உட்கார்ந்து கையால்தான் போட்டிருக்க வேண்டும். அவர் கைக்கு என்ன போய்ச் சேர்ந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாமா: அடேயப்பா. இத்தனை வருஷம் கடை வைத்திருந்தேன், இது எனக்குத் தெரியாது.

தம்பி: ஒரு நிமிஷம். யாராவது அந்த லிங்கில் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரடிக்குப் பின்னால் ஒரு ஜன்னல், அதில் மூன்றாவது கம்பி வளைந்திருக்கிறது. அது நம் வீட்டு ஜன்னல்!!

அம்மா: ஆமாம்டா, நம் மாடி அறை. திரைகூட நம்முடையதுதான்.

மீனா: ஐயோ. அது நான் எடுத்த படம். கரடியின் இடது காது கொஞ்சம் சாய்ந்திருக்கும், அதுவும் அப்படியே இருக்கிறது.

சித்தி: அப்படியென்றால் அவர்களிடம் அந்தக் கரடியே இல்லை. உன் படத்தைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு வேறு எதையோ அனுப்புவார்கள். "அங்கே மலிவு" என்று அவர் சொல்வது உன் படத்தின் மலிவு. எனக்கும் இது நடந்தது, நான் வரைந்த ஒரு பறவை யாரோ விற்கும் தலையணை உறையில் உட்கார்ந்திருந்தது. என் கையெழுத்தைக்கூட அழிக்கவில்லை, அவ்வளவு சோம்பேறித்தனம்.

மாமா: இதற்கு எங்கே போய்ப் புகார் செய்வது? போலீசா?

தம்பி: அவ்வளவு தூரம் போக வேண்டாம் மாமா. பெரிய தளங்கள் எல்லாவற்றிலும் பதிப்புரிமைப் (காபிரைட்) புகாருக்கு என்றே ஒரு படிவம் இருக்கும். அமெரிக்காவில் 1998இல் டி.எம்.சி.ஏ. என்று ஒரு சட்டம் வந்தது. புகார் வந்த பிறகும் தளம் அதை எடுக்காமல் இருந்தால் தளத்துக்கே சிக்கல், அதனால்தான் இந்தப் படிவங்கள். படத்தை எங்கும் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும் இல்லை. எடுத்த நொடியே அது எடுத்தவருடையது. அக்கா, உன் போனில் ஒரிஜினல் இருக்கிறதா? வெட்டாதது, தேதியோடு.

மீனா: இருக்கிறது. அதே நாள் எடுத்துச் சரியாக வராத படங்கள்கூட இருக்கின்றன.

தம்பி: அந்தச் சரியில்லாத படங்கள்தான் நல்ல சாட்சி, திருடியவரிடம் அவை இருக்காது. முதலில் அவர்கள் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, புகார் போனதும் அழித்துவிடுவார்கள். அப்புறம் கூகுள் லென்ஸிலும் டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளத்திலும் அந்தப் படத்தைப் போட்டுத் தேடு, வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பெரியப்பா: சரி, படம் திருட்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலை பற்றி அந்த ஆள் கேட்டது ஒரு கேள்விதானே? நாளைக்கு வேறு ஒருவர் கேட்பார். மீனா, நீ எப்படி விலை போட்டாய்?

மீனா: நூல், உள்ளே அடைக்கும் பஞ்சு, கண், பெட்டி எல்லாம் கூட்டி அதை இரண்டால் பெருக்கினேன் பெரியப்பா.

சித்தி: உன் நேரம்?

மீனா: அது அந்த இரண்டு மடங்கில் வந்துவிடாதா?

சித்தி: ஒரு கரடிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? உண்மையைச் சொல்.

மீனா: ஆறேழு மணி நேரம். முகம் தைப்பதற்கே ஒரு மணி ஆகும், மூக்கு ஒரு நூல் தள்ளிப் போனால்கூட கரடி கோபமாக இருக்கிற மாதிரி தெரியும், பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டும்.

அம்மா: டிவி பார்த்துக்கொண்டேதானே போடுகிறாள். அதைப் போய் வேலை நேரம் என்று கணக்கு வைப்பதா?

சித்தி: அக்கா, நீ இப்படிப் பேசிப் பேசித்தான் நம் வீட்டில் எல்லாப் பெண்களும் இலவசமாகத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். டிவி ஓடினாலும் விரல் அவளுடையது. மீனா, பொருள் செலவைப் பெருக்குவது தப்பான வழி. நூல் மலிவாகக் கிடைத்தால் உன் கூலி குறையும், விலை உயர்ந்த நூல் வாங்கினால் கூலி கூடும், இதில் என்ன நியாயம் இருக்கிறது? பொருள் செலவு தனி. மணிக்கு இவ்வளவு என்று உன் கூலி தனி. படம் எடுப்பது, பதில் எழுதுவது, பெட்டி கட்டுவது, தபால் நிலையத்தில் வரிசையில் நிற்பது, இதற்கெல்லாம் ஒரு பங்கு. அதற்கு மேல்தான் லாபம். கூலியையே லாபம் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள்தான் ஒரு வருஷத்தில் கடையை மூடுகிறார்கள்.

மாமா: மொத்தமாக எடுத்து விற்கும் கடைக்காரன் கேட்டால்? பாதி விலைக்குக் கேட்பான், நானே அப்படித்தான் கேட்பேன்.

சித்தி: அதேதான் அண்ணா. பாதி விலையிலும் அவளுக்குக் கூலி வர வேண்டும், இல்லையென்றால் கடைகளுக்குக் கொடுக்கக் கூடாது. இப்போது அவள் போட்டிருக்கும் விலையில் பாதி என்றால் முதலுக்கே மோசம்.

மீனா: இன்ஸ்டாவில் மெசேஜ் பார்த்துப் பார்த்து விற்பது கஷ்டமாக இருக்கிறது, எட்ஸி என்ற கைவினைச் சந்தைத் தளத்தில் கடை போடலாம் என்று நினைத்திருந்தேன். அங்கே போனால் விலையை இன்னும் ஏற்ற வேண்டியிருக்குமா?

சித்தி: ஏற்றாமல் போனால் கையைக் கடிக்கும். ஒரு பொருளைப் பட்டியலில் போட 20 சென்ட், அது நாலு மாதம் இருக்கும், விற்றால் மறுபடி 20 சென்ட். விற்கும்போது 6.5 சதவீதம். அதுவும் பொருள் விலைக்கு மட்டும் இல்லை, நீ வாங்கும் தபால் கட்டணத்துக்கும் சேர்த்து. பணம் கை மாறுவதற்குத் தனிக் கட்டணம், அது நாட்டுக்கு நாடு மாறும். அப்புறம் அவர்கள் வெளியே கொடுக்கும் விளம்பரத்தை ஒருவர் தட்டிவிட்டு 30 நாளுக்குள் உன்னிடம் வாங்கினால் 15 சதவீதம்.

மாமா: விளம்பரம் வேண்டாம் என்று சொல்ல முடியாதா?

சித்தி: சின்னக் கடை சொல்லலாம். ஒரு வருஷத்தில் 10,000 டாலர் விற்றுவிட்டால் 12 சதவீதமாகக் குறையும், ஆனால் அப்புறம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நன்றாக விற்றதற்குப் பரிசு 😄

மாமா: அப்படியென்றால் விளம்பரம் வழியாக வந்த ஒரு விற்பனையில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும் போலிருக்கிறதே.

சித்தி: போகும். அந்த 6.5 முன்னால் 5 ஆக இருந்தது. 2022 ஏப்ரலில் ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான கைவினைக்காரர்கள் ஒரு வாரம் கடையை விடுமுறையில் போட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டணம் இறங்கவில்லை.

தம்பி: அமேசானில் கைவேலைக்கு என்றே இருக்கும் ஹேண்ட்மேட் பகுதி?

சித்தி: அங்கே 15 சதவீதம். அந்த 15க்கு ஈடாக, பொருள் வாங்க வருகிற கூட்டம் அங்கே நிறைய, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பெட்டி நாளைக்கே வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் கூட்டம் அது. ஆறு மணி நேரம் பின்னுகிறவளுக்கு அது சரிவருமா என்று எனக்குச் சந்தேகம்.

பெரியப்பா: எட்ஸியில் எல்லாம் கையால் செய்ததுதானே இருக்கும்? அங்கே இந்தத் திருட்டுத் தொல்லை இருக்காது அல்லவா?

சித்தி: 2005இல் தொடங்கியபோது அப்படித்தான் பெயர். 2013இல் வெளியே தொழிற்சாலையில் கொடுத்துச் செய்யலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள், அதிலிருந்தே எது கைவேலை என்று பழைய விற்பனையாளர்களுக்கும் தளத்துக்கும் ஓயாத சண்டை. 2024இல் ஒவ்வொரு பொருளுக்கும் 'விற்பவர் செய்தது', 'விற்பவர் வடிவமைத்தது' என்று வகை பிரித்து அடையாளம் போட ஆரம்பித்தார்கள். இருந்தும் மொத்த விலைக்கு வாங்கிய சாமானைக் கைவேலை என்று போடுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

தம்பி: அக்கா பேசாமல் சொந்தமாக ஒரு தளம் போட்டுவிடு, நான் செய்து தருகிறேன். கடைத் தளம் அமைக்க உதவும் பிக் கார்டெலில் ஐந்து பொருள் வரை இலவசம். ஷாப்பிஃபை என்றால் மாதாமாதம் வாடகை.

சித்தி: போடு, ஆனால் அதை மட்டும் நம்பாதே, சந்தே இல்லாத ஊரில் கடை போட்ட மாதிரி ஆகிவிடும். எட்ஸியை மட்டும் நம்புவதும் ஆபத்து. ஜெர்மனியில் டவாண்டா என்று பெரிய கைவினைச் சந்தை ஒன்று இருந்தது. மூடப்போகிறோம் என்று 2018 ஜூன் கடைசியில் அறிவித்தார்கள், ஆகஸ்ட் 30 அன்று மூடிவிட்டார்கள். பல வருஷம் சேர்த்த மதிப்புரைகளை வைத்துப் பிழைத்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டே மாதம். அதனால் வாங்கியவர்களிடம் கேட்டு, சம்மதம் சொன்னவர்களின் மின்னஞ்சலை வாங்கி உன்னிடம் வைத்துக்கொள். பின்தொடர்பவர் எண்ணிக்கை தளத்தின் சொத்து, அந்தப் பட்டியல்தான் உன்னுடையது.

மீனா: வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள் சித்தி. கரடி முக்கால் கிலோகூட இல்லை, ஆனால் கூரியரில் 4.8 கிலோ என்கிறார்கள். தராசு கெட்டுப்போயிருக்குமோ?

மாமா: தராசு சரிதான், பெட்டி என்ன அளவு?

மீனா: 40க்கு 30க்கு 20 சென்டிமீட்டர். வீட்டில் இருந்த பெட்டி.

மாமா: இதோ பார். மூன்றையும் பெருக்கினால் 24,000. பல கூரியர்கள் அதை 5,000ஆல் வகுப்பார்கள். 4.8. நிஜ எடை, இந்த எடை, எது அதிகமோ அதற்குத்தான் காசு. நீ அனுப்பியது முக்கால்வாசி காற்று. 25க்கு 20க்கு 15 பெட்டி வாங்கு, ஒன்றரை கிலோவுக்கு வந்துவிடும். பஞ்சுப் பொம்மைதானே, கொஞ்சம் அமுக்கி வைத்தால் எடுத்ததும் நிமிர்ந்துவிடும்.

மீனா: மாமா!!! இதை யாருமே சொல்லவில்லை.

சித்தி: அந்த இரண்டு பேரும் எந்த நாடு?

மீனா: ஒருவர் அமெரிக்கா, ஒருவர் பிரான்ஸ்.

சித்தி: அமெரிக்காவுக்கு முன்பு 800 டாலர் வரை வரி இல்லாமல் போகும், 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகை நின்றுவிட்டது. வரியை யார் கட்டுவது என்று வாங்குபவரிடம் முதலிலேயே பேசிவிடு, இல்லையென்றால் அவர் வாங்க மறுத்துப் பெட்டி திரும்பி வரும், இரண்டு பக்கச் செலவும் உன் தலையில். பிரான்ஸ் இன்னும் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொம்மை என்றால் அங்கத்திய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சி.இ. (CE) முத்திரை வேண்டும், கையால் ஒன்றே ஒன்று செய்தாலும் அதேதான். 2024 டிசம்பர் 13 முதல் வந்த பொருள் பாதுகாப்பு விதியின்படி அங்கேயே பொறுப்பேற்கும் ஓர் ஆள் அல்லது நிறுவனத்தின் பெயரும் முகவரியும் பொருளோடு இருக்க வேண்டும். சின்ன விற்பனையாளர்கள் பலர் அதற்குப் பிறகு ஐரோப்பாவுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். இப்போதைக்கு பிரான்ஸ்காரரிடம் முடியாது என்று சொல்லிவிடு.

அம்மா: அந்தப் பிளாஸ்டிக் கண்ணைக் குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொண்டால் என்னடி செய்வது?

மீனா: உள்ளே வாஷர் போட்டுத்தான் பூட்டுகிறேன் அம்மா. கழலாது.

சித்தி: அக்கா கேட்டது சரியான கேள்வி. பின்னலில் கண்ணி தளர்ந்தால் வாஷரோடு சேர்ந்தே வெளியே வந்துவிடும். மூன்று வயசுக்குக் கீழே என்றால் நூலாலேயே கண் தைத்துவிடு. விற்கும் பக்கத்தில் அதைத் தெளிவாக எழுது.

பெரியப்பா: எல்லாம் சரி, அந்த ஆளுக்கு என்ன பதில்? அதிலிருந்துதானே ஆரம்பித்தோம்.

மீனா: இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள். "மன்னிக்கவும், என் விலை கொஞ்சம் அதிகம்தான். நீங்கள் காட்டிய பக்கத்தில் இருக்கும் படம் நான் எடுத்தது, அந்தக் கரடி என்னிடம்தான் இருக்கிறது. ஒரு கரடி போட ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வேண்டுமென்றால் பின்னும் வீடியோ அனுப்புகிறேன்."

சித்தி: முதல் வரியை முழுசாக எடு. எதற்கு மன்னிப்பு? மற்றது பிரமாதம். வீடியோவை அனுப்புகிறேன் என்று சொல்லாமல் உன் இன்ஸ்டா பக்கத்திலேயே மேலே பொருத்தி வைத்துவிடு, அடுத்தவரும் பார்ப்பார்.

தம்பி: புகார் போகிற வரைக்கும் பதில் போடாதே அக்கா, அவர்கள் பார்த்தால் பக்கத்தை மாற்றிவிடுவார்கள். ஸ்கிரீன்ஷாட்டில் மேலே முகவரி முழுசாகத் தெரியட்டும்.

மீனா: எடுத்துவிட்டேன், முகவரி தெரிகிறது. படிவம் இப்போதுதான் அனுப்பினேன். முதல் வரியை நீக்கிவிட்டுப் பதிலும் போட்டாச்சு. நாளையிலிருந்து புது விலை, சித்தி உங்களுக்கு முதலில் கணக்கை அனுப்புகிறேன்.

சித்தி: அனுப்பு. தபால் நிலைய வரிசையையும் அதில் சேர்த்திருக்கிறாயா என்று பார்ப்பேன்.